கவிழ்த்துப் பார்த்த அம்பாசிடர்

"இன்னா, நீ படிச்ச படிப்பப் பாத்துத் துரு பயந்து ஓடிருமா?" என்று சித்தப்பா அன்றைக்குக் கேட்டது, இன்று காலை பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் நான் நடந்துகொண்டிருந்தபோது மறுபடி காதில் விழுந்தது. யாரோ ஒரு பைபர் போட்டின் அடிவயிற்றுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ரெசின் பசையின் வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். ஞாபகத்தைக் கிளப்ப மற்றவர்களுக்கு மல்லிகை, மழை மண் என்று எத்தனையோ இருக்க, எனக்கு வாய்த்தது இது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அக்கா அம்மாவோடு கருவாடு காயப்போடப் போனாள், நான் புத்தகப் பை மாட்டிக்கொண்டு போனேன். அப்புறம் பாலிடெக்னிக், அதிலும் ஆட்டோமொபைல். அந்தத் திமிர் என் நடையிலேயே தெரியும் என்பாள் அம்மா. மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மாத்திரை அட்டையைப் படிக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தெரியாது என்று நான் சொன்னதே கிடையாது. மிக்ஸிக்குள் என்ன இருக்கிறது என்று இன்று வரை எனக்குச் சரியாகத் தெரியாது என்பதை உங்களிடம் மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவிடம் அந்த அம்பாசிடர் வந்ததே ஒரு கூத்து. இறால் வியாபாரி ஒருவர் வருஷக்கணக்காக ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டி. வேன் வாங்கியதும், "இட்டுக்கினு போ, கோழி அடைக்கவாவது ஆவும்" என்று கொடுத்துவிட்டார். ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் ஒழுகி ஒழுகி, பின் சீட்டில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே ரோடு தெரியும். நைனாவோ கோழி அடைக்கிற ஆளில்லை. சுண்ணாம்புக்குளத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். தையில் வளைகாப்பு முடித்து இந்தக் காரில்தான் அவளை வீட்டுக்கு அழைத்துவருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

மார்கழி வாடையில் கடல் சரியில்லாமல் போட்டெல்லாம் கரையில் கிடந்தது. ஆம்பிளைகளுக்கு வேலை இல்லை. வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி வேலை ஆரம்பித்தோம். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டியது நான். மூன்றாம் நாள் இஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தபோது நான் தரையில் நிற்கவில்லை.

தரை ஓட்டைக்குத்தான் சண்டை. சித்தப்பா போட்டுக்கு ஒட்டுப் போடுகிறவர். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பைபர். துருவை வெட்டியெடுத்து இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பைபர் விரித்து ரெசின் ஊற்றினார்கள். குளிரில் அது சீக்கிரம் இறுகவில்லை என்று அம்மா நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில்! நான் கத்திய கத்தலில் சட்டியை மணலில் போட்டுவிட்டு, "படிக்க வச்சா இப்டியா கத்துவ?" என்று கேட்டாள்.

போட்டுக்கு அடிக்கிற நீலப் பெயிண்டையே அடித்து முடித்ததும் வண்டி புதுசு போல் நின்றது. நைனா என்னிடம் வந்தார்.

"பாப்பா, அடியெல்லாம் நல்லாப் பாத்துரு. நீ சொன்னா போலாம்."

ஜாக்கி வைத்துத் தூக்கினோம். மணலில் ஜாக்கி நிற்குமா? பலகை வைத்தும் சாய்ந்தது. நான் குனிவதற்குள் வண்டி தொம்மென்று உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் முந்தியிருந்தால் என் தலை அங்கே இருந்திருக்கும். மறுபடி தூக்கினார்கள். காது வரைக்கும் தலையை உள்ளே விட்டேன். இருட்டு. அதற்கு மேல் உடம்பு போகவில்லை. எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "பாத்துட்டேன் நைனா, சரியா கீது" என்றேன்.

நான் சொன்னதால் அதற்கு அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த நாலு நாள் சோறு இறங்கவில்லை. உப்புத்தண்ணீர் தரையை மட்டுமா தின்றிருக்கும்? பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பு அதற்கு நேர் கீழே இருக்கிறது. அது விட்டுப்போனால் சக்கரம் தன் போக்கில் போய்விடும். கும்மிடிப்பூண்டி பக்கம் லாரிகள் பறக்கிற ரோடு, பின் சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா. பாலிடெக்னிக் வகுப்பில் உட்கார்ந்தாலும் அதுதான், சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அதுதான். நைனா தினமும் காரைத் துடைப்பார்.

கிளம்புகிற காலையில் வளையல், வாழைத்தார், பலகாரம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பானட்டில் பூ சுற்றி இஞ்சினும் போட்டாகிவிட்டது. போய்க் காருக்கு முன்னால் நின்றேன்.

"இன்னா இஞ்சினியரு, டிக்கெட் கேக்க வந்துக்கினியா?" என்றார் சித்தப்பா.

"நைனா, நான் அடியில பாக்கலே. பயந்துக்கினு, பாத்துட்டேன்னு பொய் சொல்ட்டேன்."

நைனா இஞ்சினை நிறுத்தினார். இறங்கி என் எதிரில் வந்து நின்றார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"நாலு நாளா இத்தயா முழுங்கிக்கினு இருந்த?" என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "வாங்கடா, கவுத்துப் பாத்துருவோம்."

எங்கள் ஆட்கள் போட்டின் அடியைப் பார்க்க அதற்குக் கீழே ஊர்ந்து போவதில்லை, போட்டைக் கவிழ்ப்பார்கள். காருக்கும் அதே நியாயம். பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, ஒரு பக்கம் பழைய வலையையும் டயரையும் மெத்தை மாதிரி குவித்தார்கள். கயிறு கட்டி இரண்டு பேர் பின்னால் இழுத்துப் பிடிக்க, பத்துப் பேர் தூக்கினார்கள். வண்டி போட்ட முனகலில் இரண்டாக முறியப்போகிறது என்றே நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அம்பாசிடர் சுற்றிய பூவோடு பக்கவாட்டில் படுத்திருந்தது.

நைனா ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினார். "நீயே குத்து."

ஸ்பிரிங் பட்டை தொங்குகிற இடத்தில் வைத்து அழுத்தினேன். குத்தவே வேண்டியிருக்கவில்லை. நமுத்த முறுக்கில் போவது போலப் பிடி வரைக்கும் போயிற்று. துரு கொட்டியது. அடுத்த பக்கமும் அப்படியே. சித்தப்பா குந்தி உட்கார்ந்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரலைத் துடைத்துக்கொண்டு, "மேல நம்ம வேல நல்லாத்தான் கீது" என்றார். முதலில் சிரித்தது நைனாதான். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன்.

அக்கா வாடகை வேனில் வந்து இறங்கியதும் கேட்டாள்: "என் காரு எங்கடி?"

"கவுந்து கெடக்குது."

சித்தப்பா தன் பைபரைத் தானே இரண்டு நாள் உட்கார்ந்து பெயர்த்தெடுத்தார். பொன்னேரியிலிருந்து வெல்டர் வந்தார். எந்த இடத்தில் வெட்டுவது என்று நான் சாக்பீஸால் கோடு போட்டேன். வேலை முடிய மாசி ஆகிவிட்டது. அக்கா மகன் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காரில்தான் வந்தான்.

இப்போது கார் எங்களிடம் இல்லை. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற ஒருவர் வாங்கிப்போய்விட்டார். அது படுத்திருந்த இடத்தையும் கடல் எடுத்துக்கொண்டது. தூக்கியவர்களில் பாதிப் பேர் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஷிப்ட் பார்க்கிறார்கள், மீதிப் பேரில் சிலர் சென்னையில். ஒரு காலைப் பொழுதில் கூப்பிட்ட குரலுக்குப் பன்னிரண்டு பேர் சேர்வது இனி நடக்காது. போட்டைக் கவிழ்க்கவே டிராக்டர் வருகிறது.

வண்டிக்கு அடியில் போவதென்றால் எனக்கு இன்னும் பயம்தான். மூன்று வருஷம் பொன்னேரியில் ஒர்க்‌ஷாப்பில் இருந்தும் அந்தப் பயம் போகவில்லை. போன மாதம் வேலையை விட்டுவிட்டு, பழவேற்காடு கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கொட்டகை எடுத்தேன். வண்டிக்கு அடியில் நின்று பார்க்க இங்கே குழி வெட்டினால் தண்ணீர் ஊறும். அதனால் இரண்டு சுவர் எழுப்பி, வண்டி மேலே ஏறி நிற்கிற மாதிரி கட்டியிருக்கிறேன். நேற்று முதல் வண்டி ஏறியது, மீன் லோடு அடிக்கிற வேன். உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சுவருக்கும் நடுவில், வண்டிக்கு அடியில் போய் நின்று டார்ச்சை மேலே அடித்தேன்.