ஆறு பூட்டுக் கதவு

அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அத்தானைக் கிண்டல் செய்வது என் வேலை. மனிதர் பூட்டு ரிப்பேர்க்காரர். சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது வந்து நின்றால், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். பூட்டுக்குள் கம்பியை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காதாலேயே திறப்பார். "ஊர்ல இருக்கிற எல்லா வீட்டையும் திறக்கத் தெரிஞ்ச மனுஷன், நல்லவேளை நல்லவரா இருக்கீங்க" என்பேன். அவரும் சிரிப்பார்.

போன வருஷம் அந்தச் சிரிப்பு நின்றது. வீட்டுக்குள் யாரோ வந்து போகிறார்கள் என்றார். எதுவும் திருடு போகவில்லை, அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. மரக்கதவைக் கழற்றி இரும்புக் கதவு மாட்டினார். ஒரு பூட்டு மூன்றானது, மூன்று ஆறானது. கடைக்குப் போகும்போது அக்காவை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். அக்கா வீட்டிலேயே துணி தைப்பவள். கேட்டால், "எனக்கு வெளிய என்னடா வேலை?" என்று மழுப்புவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பூட்டு இறுகாமலிருக்க உள்ளே ஊதும் கரித்தூள் ஒன்று உண்டு. படுக்கப் போகும் முன் அதை நடை முழுக்க ஊதிவைப்பார், கண்ணாடியில் விட்ட மூச்சு மாதிரி மெல்லிசாக. காலையில் அவர் பார்க்கும்வரை யாரும் அதை மிதிக்கக் கூடாது. ஒரு நாளும் அதில் கால்தடம் இருந்ததில்லை. ஆனால் தினமும் அவர் முகம் வெளிறிப்போகும். ஒரு தடவை அங்கே தங்கிய நானும் காலையில் குனிந்து பார்த்தேன். அது அவர் ஊதிய தூள் இல்லை. திட்டுத்திட்டாகக் கிடந்தது, வேறொரு கை தூவியது.

"தடத்தை அழிச்சிட்டுப் போறான் மாப்ள" என்றார். "தொழில் தெரிஞ்சவன்."

கிண்டலை விட்டுவிட்டு நானும் எழுந்து போய்க் கதவை இழுத்துப் பார்த்தேன்.

ஜன்னல்களை இரும்புத் தகடு வைத்து அடைக்க, சனிக்கிழமை வெல்டரை வரச் சொல்லியிருந்தார். அடைத்துவிட்டால் அக்காவுக்குப் பகலிலும் விளக்குதான். தீப்பிடித்தால் வெளியே வர வழியே கிடையாது. தனியார் மனநல டாக்டர் ஒருவரிடம் விசாரித்தேன். ஒரு தடவை பார்க்கும் கட்டணம் அக்காவின் ஒரு மாதத் தையல் கூலி. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். கையைப் பிசைந்துகொண்டு அக்காவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போன சுகாதார நிலையத்தில்தான் அங்கிருந்த நர்ஸம்மா சொன்னார். நூலகத்து மாடியில் புதன்கிழமைதோறும் மனசு சரியில்லாதவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கூட்டம் ஒன்று நடக்கிறதாம். முடிந்ததைக் கொடுக்கலாம், கொடுக்காவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சம்பந்தப்பட்டவர் வர மறுத்தால் வீட்டு ஆட்கள் மட்டும் போகலாம்.

அத்தான் வீட்டைக் காலியாக விட மாட்டார். அதனால் புதன்கிழமை, சர்க்கரை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அக்கா போனாள், அவளுக்குப் பதிலாக நான் உள்ளே. அன்றைக்கு மட்டும் சாவிக்கொத்தை அக்காவிடம் கொடுத்திருந்தார். ஆறு பூட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. சும்மா இருக்க முடியாமல் கதவில் காதை வைத்தேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். நான் மூச்சைப் பிடித்தேன், அதுவும் நின்றது. விட்டேன், அதுவும் விட்டது. இரும்பில் பட்டுத் திரும்பும் என் மூச்சுதான் அது என்று புரிய வெகுநேரம் ஆனது. நல்ல வெயில் நேரம். அந்த வீட்டில் நான் அடைபட்டுக் கிடந்தது மொத்தமே இரண்டு மணி நேரம்.

திரும்பி வந்த அக்கா பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"காலையில எழுந்ததுலேர்ந்து என்ன செய்வீங்கன்னு கூட்டம் நடத்துற அம்மா கேட்டாங்கடா. விடியறதுக்குள்ள பாத்ரூம் போகணும், நடையைத் தாண்டணும், தூள்ல என் கால் பதியும். அவர் பாத்தா பயந்துடுவாரேன்னு தொடச்சிட்டு டப்பாவுலேர்ந்து எடுத்துத் தூவிடுவேன்னு சொன்னேன். சொல்லும்போதே வாயைப் பொத்திக்கிட்டேன்."

ஒரு வருஷமாக, அவர் பயப்படக் கூடாது என்று.

"உண்மையைச் சொல்லுங்க, ஆனா வாதாடாதீங்க, பயத்தைப் பத்திக் கேளுங்கன்னாங்க. அந்த ஆளே நான்தான்னு நினைச்சிட்டா என்னடா பண்ணுவேன்?"

அத்தான் வந்ததும் சொல்லிவிட்டாள், போன இடத்தையும் சேர்த்து. அவர் கத்தவில்லை. நடையில் புதிதாகத் தூளை ஊதி, அவளை மிதிக்கச் சொன்னார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"உன் கால்தான்" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவர் நிமிர்ந்து கதவைக் காட்டினார். "அப்போ அந்தப் பக்கம் நின்னு மூச்சு விடுறது யாரு?"

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்தினாள்.

"பயமா இருக்குதாங்க?" என்று கேட்டாள்.

அவர் அவளையே பார்த்தார். "ரொம்ப. ஒரு வருஷமா. யாருமே கேக்கலையே. எல்லாரும் பூட்டைப் பத்தித்தானே கேட்டீங்க."

"அடுத்த புதன்கிழமை ரெண்டு பேரும் போவோம்" என்றாள் அக்கா.

"வீட்டை யாரு பாத்துக்கிறது?"

"நான் இருக்கேன் அத்தான்" என்றேன்.

வெல்டரை அவரே போனில் கூப்பிட்டு இப்போதைக்கு வர வேண்டாம் என்றார். புதன்கிழமை இருவரும் நூலகத்து மாடிக்குப் போனார்கள். நான் கதவிலிருந்து நன்றாகத் தள்ளி நாற்காலியைப் போட்டு, அவர்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.