கை நீட்டினார் என்று சொன்னேன்

என் வழக்கு ஒரு வார்த்தையில் சறுக்கியது. அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான், அதனால் வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

நாங்குநேரிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் அடித்தான் என்று சொல்லமாட்டாள். கை நீட்டினார் என்பாள். அடி என்றால் அதில் வலி இருக்கிறது, சத்தம் இருக்கிறது. கை நீட்டுவதில் என்ன இருக்கிறது? பந்தியில் இன்னொரு அப்பளம் கேட்கவும்தான் கை நீட்டுகிறோம். என் அம்மா அப்படித்தான் சொன்னாள், அக்காமார் அப்படித்தான் சொன்னார்கள், எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகிப் பம்பாயில் செம்பூருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆனபிறகும் வாய் அதே வாய்தான்.

எங்கள் வீடு செம்பூரில் ஒரு கல்லிக்குள் இருக்கிறது, சந்தை இங்கே கல்லி என்பார்கள். ஓர் அறை, ஏணி போட்டு ஏறினால் மேலே ஒரு பலகைத் தட்டு. அவ்வளவுதான் வீடு. என் கணவர் தாராவியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். மூன்று கதவு தள்ளி மாமியாரும் கொழுந்தனும். ஒட்டிய வீட்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மதினி என்று கூப்பிடுவேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் என்று பெயருக்கு ஒரு பிளைவுட் பலகை. அவள் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். நான் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு சேலைக் கடையின் வாசல் ஓரத்தில் மிஷின் போட்டு உட்கார்ந்து புதுச் சேலைகளுக்கு ஃபால் தைப்பேன். இன்றும் அதே மிஷின், அதே ஓரம். பிள்ளைகள் இல்லை.

நான் முதன்முதலாகப் போலீஸ் சௌக்கிக்குப் போனது ஒரு சாயங்காலம். என்ன காரணத்துக்கு அடித்தார் என்று எல்லாரும் கேட்பார்கள், அதனாலேயே சொல்லமாட்டேன். காரணத்தைச் சொன்னால் உடனே தராசை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். என் இடது காது மூன்று நாள் அடைத்துக் கிடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சௌக்கியில் ஒரு பெண் கான்ஸ்டபிள் இருந்தாள். மராட்டிக்காரி, நல்ல மாதிரி, நாற்காலி கொடுத்தாள். என்ன நடந்தது என்று ஹிந்தியில் கேட்டாள். என் ஹிந்தி காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் கற்றுக்கொண்டது. கொத்தமல்லி ஓசி கேட்பதற்கு அது போதும், இதற்குப் போதவில்லை. மனதில் இருந்த தமிழை அப்படியே எடுத்து ஹிந்தியில் போட்டேன். 'உஸ்னே ஹாத் படாயா' என்றேன். அவள் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்று கேட்டாள். அப்புறம் ஒன்றுமில்லை, அடிக்கடி இப்படித்தான் என்றேன். மராட்டியில் நாலு வரி எழுதி, என்.சி. என்கிற விசாரணையில்லாப் புகார் ஒன்று பதிந்து, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டாள். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒரு பழமொழி எடுத்து வந்தார்கள். வீட்டுக்கு வீடு வாசப்படி என்றார் மாமியார். எங்கள் கல்லியில் எந்த வீட்டுக்கும் வாசற்படி கிடையாது, கதவைத் திறந்தால் நேரே சாக்கடைதான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று போனில் அம்மா சொன்னாள். அணைக்கிற கை எதற்கு முதலில் அடிக்க வேண்டும் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் என் கணவரும் மாமியாருமாக என்னை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகுதான் குடும்ப வன்முறைச் சட்டம் என்று ஒன்று இருப்பதும், அதற்கென்று ஒரு பாதுகாப்பு அதிகாரி இருப்பதும் எனக்குத் தெரிந்தது. சேலைக் கடைக்கு வரும் ஓர் அம்மாள் சொல்லி அனுப்பினார். அந்த அதிகாரி ஒரு நீளமான படிவத்தை நிரப்பினார், இலவசமாக ஒரு பெண் வக்கீலும் கிடைத்தாள். என் பேரில் இல்லாத வீடாக இருந்தாலும் நான் வாழ்ந்த வீட்டிலிருந்து என்னைத் துரத்த முடியாது என்று சட்டத்தில் இருக்கிறதாம். அவள் அதைச் சொன்னதும் எனக்குப் பசி எடுத்தது. இரண்டு நாள் கழித்து அன்றைக்குத்தான் பசித்தது.

கடைக்காரர் தயவில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஓர் அறைதான். அது இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி அண்ணன் வீட்டு அடுப்படியில் ஒண்ட வேண்டும்.

கோர்ட்டில் முதல் தடவையே என் கணவருடைய வக்கீல் அந்த என்.சி. நகலை எடுத்தார். வாசித்தார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. வெளியே பெஞ்சில் உட்காரவைத்து என் வக்கீல் விளக்கினாள். நான் சொன்ன ஹிந்திக்கு அர்த்தம், அவர் எனக்குக் கை கொடுக்க வந்தார் என்பது. கான்ஸ்டபிளும் அதை மராட்டியில் 'ஹாத் புடே கேலா' என்று ஒழுங்காக எழுதியிருக்கிறாள். அடித்ததற்கு 'ஹாத் உடாயா' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்றாள். சமாதானத்துக்குக் கை கொடுத்த கணவனை உதறிவிட்டு இந்த அம்மா நேரே போலீசுக்குப் போயிருக்கிறார், இதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. காது அடைத்த வலியை நானே என் வாயால் கைகுலுக்கலாக மாற்றிவிட்டேனே என்று ஆத்திரமாக இருந்தது. அன்றைக்குத் தாரீக் கொடுத்துவிட்டார்கள். பம்பாயில் கோர்ட்டுக்குப் போகிற யாரும் தேதி என்று சொல்வதில்லை, தாரீக்தான். அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறதாம். எழுதியவர் எங்கள் கோர்ட்டு வராந்தாவில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

சாட்சி இருக்கிறதா என்று வக்கீல் கேட்டாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைவிட வேறு யார் சாட்சி? போய்க் கேட்டேன். மதினி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சத்தம் கேட்டுது. கேக்கலன்னு சொல்லல. ஆனா பாத்திரம் விழுந்த சத்தமா, ஆளு விழுந்த சத்தமான்னு நான் எப்பிடிளா சொல்ல?" என்றாள்.

அவள் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டுப்படி ஏறின வீடு என்று பேர் வந்துவிடக் கூடாது. எனக்கும் அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

அடுத்த தாரீக்கில் நீதிபதி அம்மா என்னையே கூப்பிட்டார். உன் மொழியில் என்ன நினைத்து அப்படிச் சொன்னாய், உன் மொழியிலேயே சொல் என்றார். வேறு ஒரு வழக்குக்காகக் காத்திருந்த மாட்டுங்காத் தமிழ் வக்கீல் ஒருவர், வயதானவர், தானே எழுந்து வந்து மொழிபெயர்க்கிறேன் என்றார். என் கணவர் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்கோ. என்ன பண்ணார்?" என்றார் மாட்டுங்கா வக்கீல்.

என் கணவர் முகத்தைப் பார்த்தால் வராது என்று மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அடிச்சாவ."

"அடிச்சாளா? எத்தனை பேர்?" என்றார் அவர்.

ஒருத்தர்தான், மரியாதைக்குச் சொன்னேன் என்றேன். எங்கள் பேச்சில் பெரியவர்கள் வந்தாவ, போனாவ. புருஷனும் அப்படித்தான், அடிச்சாலும் அடிச்சாவ. அந்தப் பெரியவர் நீதிபதியின் பக்கம் திரும்பி மராட்டியில் நிதானமாக விளக்கினார், மரியாதை உட்பட. யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது, அந்தப் பாவத்தை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

இடைக்கால உத்தரவு கிடைத்தது. வழக்கு முடியும்வரை நான் அந்த அறையில் இருக்கலாம், அவர் உள்ளே வரக் கூடாது. அவர் மூன்று கதவு தள்ளி அம்மா வீட்டுக்குப் போனார். அதன்பிறகு இரண்டு வருடம் ஆகிறது. ஒருவரும் என்னைத் தொடவில்லை. சட்டம் வேலை செய்கிறதா என்று யாராவது கேட்டால் செய்கிறது என்றுதான் சொல்வேன், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் ஒருவரும் என்னோடு பேசவுமில்லை. காலையில் குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும், குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் துணி மூடிய தட்டு போகும், என் கதவைத் தாண்டிப் போகும். முதல் வருடம் நான் ஒரு தட்டு முறுக்கு சுட்டுக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார்கள். வெறுந்தட்டைத் திருப்பித் தரக் கூடாது என்பதுதான் எங்கள் வழக்கம், நாலு மணி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். எனக்கு வந்த தட்டு வெறுமையாக இருந்தது, கழுவித் துடைத்திருந்தது. நான் பேசுவது மிஷினோடும் கடைக்காரரோடும்தான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சில ஞாயிறுகளில் சாயங்காலம் இருமல் வரும்போதுதான், காலையிலிருந்து என் குரலை நானே கேட்கவில்லை என்று தெரியும்.

போன தையில் கடைக்கு வந்த சேலைக்கட்டில் அரக்குப் பட்டு ஒன்று இருந்தது. சீட்டில் மதினி புருஷன் பேர். அவள் மகளின் கல்யாணச் சேலை. கண்ணுக்குத் தெரியாத தையலாகப் போட்டுக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் பெண்கள் குலவையிட்டது மட்டும் நன்றாகக் கேட்டது.

இப்போது வழக்கு கடைசிக்கு வந்திருக்கிறது. அடித்தார் என்பது பிறகு வக்கீல் சொல்லிக்கொடுத்த பாடம், முதலில் சொன்னதுதான் உண்மை என்று அவர்கள் தரப்பு பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு சாட்சியாவது வேண்டும், இல்லையென்றால் அறைக்கு நான் உறுதி சொல்லமுடியாது என்று என் வக்கீல் சொல்லிவிட்டாள். கல்லியில் யாரிடம் போய்க் கேட்பது? அடுத்த தாரீக் எப்போது என்று என்னிடம் கேட்கக்கூட ஓர் ஆள் இல்லை.

போன வாரம் மத்தியானம் மிஷினுக்கு முன்னால் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் மதினி. கூடவே சான்பாடாவில் கட்டிக்கொடுத்த மகள். கல்லியில் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள், என்னிடம் பேச பஸ் ஏறி கிங்ஸ் சர்க்கிளுக்கு வந்திருக்கிறாள். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இவ மாப்பிள்ள கை நீட்டுதாராம்" என்றாள் மெதுவாக.

போலீசில் போய் அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதே என்று மகளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "மாரா, அத்தை. தோ பார் மாரா" என்றாள். அடித்தார், இரண்டு தடவை அடித்தார் என்று நேராக ஹிந்தியில். அவள் பம்பாயில் பிறந்தவள். தமிழில் அவளால் ஒரு வரிகூட வாசிக்க முடியாது. என் பாடம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

மதினிக்கு வேண்டியது வேறு. பாதுகாப்பு அதிகாரி எங்கே இருக்கிறார், கூட வருவாயா என்று கேட்டாள். எனக்கு நீங்கள் வரவில்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. பெண்ணின் மணிக்கட்டில் கண்ணாடி வளையல் உடைந்து கீறிய காயத்தைப் பார்த்தேன். வருகிறேன் என்றேன்.

மகள் கொஞ்ச நேரம் மிஷின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்ப்ளைண்ட் குடுத்தா அடி நின்னுருமா, அத்தை?"

எனக்கு நின்றுவிட்டது என்று சொன்னேன்.

"பெறவு எல்லாரும் நம்மகிட்ட பேசுவாங்கல்ல?"

உத்தரவில் அது எழுதியிருக்காது. "அத உங்க அம்மாட்ட கேளு" என்றேன்.

மிஷினை ஓட்டாமல் காத்திருந்தேன். மதினி குனிந்து கீழே கிடந்த நூல்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள். பொறுக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது நிமிர்ந்தாள்.

"அது பாத்திரம் இல்லளா. ஆளு விழுந்த சத்தந்தான்" என்றாள். பிறகு, "அடுத்த தாரீக் என்னைக்கு?" என்று கேட்டாள்.