நான்காம் மாடியில் ஒரு காலி வீடு

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தோடு காலம் தள்ளியவர் அவர். ஓய்வு பெற்றபின் அட்டையில் குட்டிக் கட்டடங்கள் செய்ய உட்கார்ந்தார். "அட்டையை வெட்டி வெட்டி நீங்களும் அட்டை மாதிரி அதுல ஒட்டிக்கிட்டீங்க" என்று மனைவி கேலி செய்வாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு கேலி செய்யவும் ஆளில்லை. கடையில் பசை கேட்கும்போது குரல் கரகரக்கும். அன்று காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

அந்த வருடம் தான் குடியிருந்த அடுக்குமாடியையே செய்ய ஆரம்பித்தார். எதிரே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து வரைந்துகொள்வார். ஒரு நாள் இரண்டாம் மாடித் தையற்காரம்மா நேரே வந்து நின்றார்.

"என்ன சார், தினம் எங்க வீட்டையே பாத்துட்டு இருக்கீங்க? நல்லாவா இருக்கு?"

அவருக்கு முகம் செத்துவிட்டது. "மேல என் வீட்டுக்கு வந்து பாருங்கம்மா, புரியும்" என்றார். சொன்ன பிறகுதான் அது இன்னும் மோசமாகக் கேட்டது தெரிந்தது.

தையற்காரம்மா துணைக்குக் காவலாளியை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் தான் செய்த அட்டைக் கட்டடத்தின் முன்சுவரைக் கழற்றிக் காட்டினார். இரண்டாம் மாடியில் சுண்டுவிரல் அளவில் ஒரு தையல் மிஷின்.

"ஐயோ, என் மிஷின்!" தையற்காரம்மாவுக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. குனிந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்தவர் கேட்டார்: "நாலாவது மாடில ஒண்ணு காலியா இருக்கே, யாரோடது?"

"என்னோடதுதான்."

"ஏன் ஒண்ணும் வைக்கல?"

"வைக்கணும்னுதான் உக்காருவேன். கட்டில் ஒண்ணா ரெண்டான்னு வரும்போது கை நின்னுடும்மா."

காவலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு கீழே போய்விட்டார். தையற்காரம்மா உள்ளறையை எட்டிப் பார்த்தார். ஒரு கட்டிலில் படுக்கை. இன்னொன்றில் அட்டைக் கட்டுகள்.

"ரெண்டையும் போடுங்க. ரெண்டும் அங்கதானே கிடக்கு?"

அவர் செய்த குட்டிக் கட்டில்களின் கால்கள் தீக்குச்சியை விட மெல்லியவை. பலமுறை ஒடிந்து, ஒருவழியாக நின்றன. இரண்டையும் செருப்பு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினார். கதவில் பூட்டு.

"மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாருங்க, திடீர்னு" என்றார் காவலாளி. கேட்டதும் போன் நம்பரையும் கொடுத்தார். அவர் மேலே வந்து தையற்காரம்மாவைக் கூப்பிட்டார்.

"முடிச்சிட்டேன்மா. ரெண்டு கட்டிலும் போட்டாச்சு."

"சந்தோஷம் சார்."

"அங்க எப்படி இருக்கு?"

"வசதிக்கு என்ன குறைச்சல். ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் செவுருதான். மிஷின் எதுக்குன்னு மகன் வித்துட்டான்."

மறுமுனையில் யாரோ கூப்பிட்டார்கள். "வச்சிடறேன் சார்."

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் தையற்காரம்மாவே எடுத்தார். இருவருக்கும் பேச அதிகம் இல்லை. வைக்கவும் மனம் வரவில்லை.