பேர் சொல்லி ஓட்டுக் கேட்ட வேலை

மைக் கட்டிய ஆட்டோவில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தெருவெல்லாம் ஓட்டுக் கேட்டே என் காலம் போனது. "தாய்மாரே, அண்ணன்மாரே" என்றால் தெருவே அதில் அடங்கிவிடும். வாசலில் துக்கப் பந்தலைக் கண்டால் மைக்கை அணைத்துவிட்டுக் கடப்போம்.

இந்தத் தேர்தலுக்கு என்னை ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். கட்சியின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கும் ஜெபா என்ற பெண், "அண்ணாச்சி, பேரை மட்டும் ஒவ்வொண்ணா சொல்லுங்க. மத்த பேச்சோட கம்ப்யூட்டரே சேத்து, நெட் வழியா அவங்கவங்க போனுக்கு அடிச்சுப் பேசிரும்" என்றார்.

மாரியம்மாள், முத்துலட்சுமி, அந்தோணியம்மாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்த பேர் ஆண்டாள்.

போன வருஷம் காலமான என் மனைவியின் பேர் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் தாயாரின் பேர் கொண்டவளை அந்தப் பேர் சொல்லி அதட்டிவிடக் கூடாதே என்று, கல்யாணமான நாளிலிருந்து "ஏட்டி" என்றே கூப்பிட்டேன். அவள் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது ஆண்டாள் சன்னதியில் மட்டும்தான், அர்ச்சனைக்குப் பட்டர் பேர் கேட்கும்போது.

"ஆண்டாள்" என்றேன்.

ஜெபா சிரித்தார். "ஓட்டுக் கேக்குத மாதிரி இல்லையே அண்ணாச்சி, சாமி கும்பிடுத மாதிரில்லா இருக்கு! இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். "வேண்டாம், மொதல்ல சொன்னதே இருக்கட்டும்" என்றார்.

சில நாளில் வீட்டில் என் மனைவியின் போன் அடித்தது. அதை சார்ஜ் போட்டு சாமி படத்தின் கீழே வைத்திருந்தேன். "வணக்கம் ஆண்டாள் அம்மா, நல்லா இருக்கீங்களா?" என் குரல்தான். முழுக்கக் கேட்டேன். மறுபடியும் ஒரு நாள் வந்தது. அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து அந்தப் போன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

அந்தச் சமயத்தில் ராஜபாளையத்து அம்மா ஒருவர் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்து முப்பது நாள் கூட ஆகல. அவிய பேரச் சொல்லி நல்லா இருக்கீங்களான்னு கேக்கீங்களே, அடுக்குமாய்யா? போனை எடுத்த எம்மக அழுகைய நிறுத்தல."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வார்டிலும் ஆள்விட்டு விசாரித்து, இறந்தவர்களின் நம்பரை எடுத்துவிடச் சொன்னேன். ஜெபா எடுத்தார்.

"அம்புட்டுதானா அண்ணாச்சி?"

"இன்னொண்ணு இருக்கும்மா" என்று என் மனைவியின் நம்பரைச் சொன்னேன்.

ஜெபா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே. யாரு கேக்கப் போறா?"

"அந்தம்மாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? எடுத்துரும்மா."

அதோடு போன் அடிப்பது நின்றது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். போனில் துக்கப் பந்தல் தெரியாது. பேர் சொல்லிக் கூப்பிடும் முன் ஆளனுப்பி விசாரியுங்கள்.

வெள்ளிக்கிழமை ஆண்டாள் சன்னதியில் நின்றேன். "யார் பேருக்கு?" என்றார் பட்டர்.

"தாயார் பேருக்கே பண்ணுங்க சாமி."

அவர் அர்ச்சனையைத் தொடங்கினார். கூடவே நானும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னேன்.