கதவுக்குப் பின்னால் நின்ற அம்மன்

பிள்ளைகள், அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். சுவாமி எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பவர். அதனால் அவருடைய இடக்கை எங்களுடைய வலக்கைப் பக்கமாக இருக்கும். அம்மனை அவருடைய இடப்பக்கத்தில் வைக்க வேண்டும் என்றால், கும்பிடுகிறவருக்கு அது வலப்பக்கம். இவ்வளவுதான் விசயம். இந்தச் சின்ன விசயத்தை வைத்து எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரு குளிர்காலம் முழுவதும் சண்டை பிடித்தார்கள்.

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். மொன்றியலில் ஒரு மூன்றரை அறை வீட்டில் இருந்தோம், அந்த அரை என்பது குளியலறை. சாமியறைக்கு அங்கே எங்கே இடம்? அறைகளுக்கு நடுவே நடக்கிற ஓடையில் சுவரோடு கட்டியிருந்த உடுப்பு அலுமாரியின் மேல்தட்டுத்தான் கோயில். கீழே குளிர்ச் சட்டைகள் தொங்கும், மேலே சுவாமி இருப்பார். அந்த அலுமாரிக்கு இரண்டு இழுவைக் கதவுகள். வலப்பக்கக் கதவு இறுகிப்போய் அசையவே அசையாது. ஆகவே எங்கள் கோயிலுக்குப் பாதி வாசல்தான்.

சுவாமி அப்பாவுடையவர். அப்பா தனியாக வந்து அகதிக்குப் பதிந்து, எங்களைக் கூப்பிட முடியாமல் இருந்த வருசங்களில், அந்தத் தட்டில் பித்தளைச் சிவன் தனியாக நின்றார். அம்மன் அம்மாவுடையவ. விமானத்தில் அம்மாவின் கைப்பைக்குள், சப்பாத்துக்குள் போடும் என்னுடைய கால்மேசுக்குள் சுற்றியபடி வந்தவ. கோயில்களில் அம்மன் சுவாமியின் தோளளவுக்குத்தான் வருவா. எங்கள் வீட்டில் சுவாமிதான் அம்மனின் தோளளவுக்கு வந்தார். இரண்டு பேரும் வெவ்வேறு கடையில் வாங்கியவர்கள், என்ன செய்வது?

அம்மா அவவை எங்களுக்கு இடப்பக்கமாக வைத்தா. அப்பா எடுத்து வலப்பக்கம் வைத்தார்.

"இடப்பக்கம் எண்டால் சுவாமிக்கு இடப்பக்கம்," என்றார் அப்பா. "அவவின்ரை கையைப் பாரும். வலக்கையிலை பூ, இடக்கை சும்மா தொங்குது. அங்காலை வைச்சால் பூவை ஆருக்கு நீட்டுறா? சுவருக்கே?"

அது சரிதான். நின்ற கோலத்து அம்மன் பூப்பிடித்த கையைச் சுவாமி பக்கமாகவும், தொங்கவிட்ட கையை வெளிப்பக்கமாகவும் வைத்திருப்பா. இடம் மாறினால், பக்கத்தில் நின்றும் கோபித்துக்கொண்டு நிற்பவபோல இருக்கும்.

ஆனால் அம்மாவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. "அந்தப் பக்கம் வைச்சால் அவ கதவுக்குப் பின்னாலை நிக்கிறா. விளக்கு வெளிச்சமும் படாது, ஒருத்தருக்கும் தெரியவும் மாட்டா. இந்த ஊருக்கு வந்து நான் கதவுக்குப் பின்னாலை நிக்கிறது காணாதெண்டு அவவும் நிக்கோணுமே?"

கதவைத் திருத்தித் தரச் சொல்லி வீட்டுக்காரனுக்குச் சொல்லியிருப்பதாக அப்பா சொன்னார். அதை மாதக்கணக்காகச் சொன்னார்.

பிறகு இருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. கதைக்க நேரமும் இல்லை. அம்மா விடியற்காலையில் விளக்குக் கொளுத்திவிட்டு புவாண்ட்-கிளேரில் ஒரு பொதி கட்டும் இடத்துக்கு பஸ் ஏறுவா. அப்பா பின்னேரம் டவுன்டவுனில் ஓர் உணவகக் குசினிக்குப் போய், நாங்கள் நித்திரையான பிறகு வருவார். ஒருவர் எழும்ப மற்றவர் படுத்திருப்பார். நான் கண் விழிக்கும்போது அம்மன் இடப்பக்கம் நிற்பா. முகம் கழுவி, பால் குடித்து, பள்ளிக்கூட பஸ்ஸுக்கு இறங்கும்போது கதவுக்குப் பின்னால் போயிருப்பா. அவ போவதை மட்டும் நான் ஒருநாளும் கண்டதில்லை.

எனக்கு அதில் ஆச்சரியமும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் ஷிவ்ட்டில்தானே வேலை செய்தார்கள். அம்மனுக்கும் ஷிவ்ட் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பனி கரையத் தொடங்கிய நேரம் அம்மா டொரொண்டோவில் இருந்த பெரியமாமாவோடு அடிக்கடி போனில் கதைத்தா. மாமா அங்கே அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து வைத்திருந்தார். மச்சானின் தயவில் போய் இருக்க ஏலாது என்று அப்பா சொல்லிவிட்டார். கடையில் ஒரு சாமான் கேட்கப் பிரெஞ்சு வாய்க்குள் வராமல் நின்றுவிட்டு வந்து அம்மா குசினியில் அழுததை நான் கண்டிருக்கிறேன். ஒருநாள் போனில் சொன்னா: "ஓம் அண்ணை. பள்ளிக்கூடம் லீவு விட்ட உடனை வாறம். பிள்ளையும் நானும்தான்."

அப்பா வரமாட்டார் என்பது எனக்கு விளங்கியது. எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கப் பயமாக இருந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேஸ் வெளியே வந்து, அந்த அலுமாரிக்கு முன்னால் நின்றது.

அந்தக் கிழமையிலிருந்து அம்மன் நடக்கவில்லை. நான் கண் விழிக்கும்போதும் கதவுக்குப் பின்னால், பஸ்ஸுக்கு இறங்கும்போதும் கதவுக்குப் பின்னால். அப்பா சொன்ன இடத்திலேயே நின்றா. அதைக் கண்டு அப்பா சந்தோசப்பட வேண்டும் அல்லவா? அவர் அலுமாரிக்கு முன்னால் கனநேரம் நின்றுவிட்டு, ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்க மறந்துபோய் இருந்தார்.

அம்மனுக்குக் கால் நோகுது என்று எனக்குப் பட்டது. எத்தனை நாளாக அங்கும் இங்கும் நடந்தவ. ஷிவ்ட்டுக்குப் போகாவிட்டால் வேலையால் நிற்பாட்டிவிடுவார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு காலை, அம்மா போன பிறகு, அப்பா எழும்ப முன்னம், சூட்கேஸின் மேல் ஏறினேன். திருநீற்றுத் தட்டம் கவிழ்ந்து கொஞ்சம் கொட்டிப்போய்விட்டது. அம்மன் நல்ல பாரம், குளிர்ந்தும் இருந்தா. "மெல்ல, மெல்ல," என்று சொல்லி இடப்பக்கம் கொண்டுபோய் விட்டேன்.

அப்பா முழுகிவிட்டு வந்து கும்பிட நின்றவர் அப்படியே நின்றார். பிறகு தனியாகச் சிரித்தார்.

"கொம்மாவின்ரை வேலையைப் பாத்தியே," என்றார் என்னிடம். "அவ இன்னும் விடேல்லை."

அன்றைக்கு அவர் அம்மனைத் தொடவில்லை. என் சப்பாத்துக் கயிற்றைக் கட்டும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தார்.

பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றார். அலுமாரியின் வலப்பக்கக் கதவு கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. கையில் ஒரு திருகாணி முடுக்கி, விரலில் ஒரு காயம். அம்மன் வலப்பக்கம், விளக்கு வெளிச்சத்தில், பூவைச் சுவாமியிடம் நீட்டிக்கொண்டு நின்றா. அவவின் முகம் அவ்வளவு வட்டம் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அம்மா சேற்றுச் சப்பாத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டா.

"வேலைக்குப் போகேல்லையே?"

"இல்லை. இஞ்சை வந்து பாரும். இனி ஒருத்தரும் கதவுக்குப் பின்னாலை இல்லை."

"வீட்டுக்காரன் கத்தப் போறான்."

"கத்தட்டும். நாலு நாளா நீர் அவவைத் தொடேல்லை. எல்லாம் முடிஞ்சுதெண்டு நினைச்சன். இண்டைக்குக் காலமை பாத்தால் திரும்பவும் அங்காலை வைச்சிட்டுப் போயிருக்கிறீர். சண்டை பிடிக்க இன்னும் விருப்பம் இருக்கெண்டு எனக்குப் பெரிய சந்தோசம்."

"நானோ?" என்றா அம்மா.

அப்பாவைப் பார்த்தா. அலுமாரியைப் பார்த்தா. பிறகு சூட்கேஸைப் பார்த்தா. அதன் மேலே திருநீற்றில் ஒரு சின்னக் காலடி பதிந்திருந்தது. என்னைப் பார்த்தா. நான் வாய் திறக்க, என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டா. குளிர்ச் சட்டையில் காட்போட் பெட்டி மணத்தது. மற்றக் கையால் அந்தக் காலடியைத் துடைத்தா.

"ஓம், நான்தான் வைச்சனான்," என்றா. "இப்ப என்ன?"

"ஒண்டுமில்லை," என்றார் அப்பா. "உம்மடை அண்ணரோடை நான் கதைக்கிறன். போறதெண்டால் மூண்டு பேரும் போவம். இருக்கிறதெண்டால் மூண்டு பேரும் இருப்பம்."

கடைசியில் இருந்துவிட்டோம். அப்பா பகல் வேலைக்கு மாறினார், அம்மா பிரெஞ்சு வகுப்புக்குப் போனா. சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே திரும்பிப் போனது.

ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவவே அம்மாதான். சுவாமிக்கு நேரே நின்று, அம்மனும் கேட்டுக்கொண்டிருக்க, ஏன் அப்படிச் சொன்னா? அம்மனுக்கு உண்மை தெரியுமே. காலையில் எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தேன். அவ கோபிக்கவில்லை, அதே இடத்தில் நின்றா. மறுநாளும் நின்றா. அதற்குப் பிறகு ஒருநாளும் இடம் மாறவில்லை.

கால் நோவு கூடிவிட்டது என்று நான் கனகாலம் கவலைப்பட்டேன்.