தலை சாய்ந்த முயலும் என் முன்னுரையும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் முப்பதாண்டுகள் நின்றவன் நான். கோணிய கழுத்தைத் தொலைவிலேயே கண்டுகொள்வேன். வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டு வெள்ளை முயலின் தலை ஒரு காலையில் இடப்புறம் சாய்ந்திருந்ததை முதலில் கண்டவன் நானே என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். உடனே இஞ்ச் டேப்பை எடுத்து, இரு காதுகளிலிருந்தும் தோள்வரை அளந்தேன். ஒன்றரை அங்குலம் வேறுபட்டது.

"ஏனுங்க, அதென்ன பனியனுங்களா, அளந்து ரிஜெக்ட் பண்ண? வண்டிய எடுங்க," என்றார் என் துணைவியார். முயல் அவருடையது. பிள்ளைகள் வெளியூர் சென்றபின், அவர் பேச்சை இடைமறிக்காமல் கேட்கும் உயிர் வீட்டில் அது ஒன்றே.

மருத்துவர் ஓர் இளம்பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னுள்ள எலும்பு அறையில் சீழ் நிறைந்திருப்பதாகக் கூறினார். முயலின் சீழ் பற்பசைபோல் கெட்டியானதாம். இந்த அளவுக்கு முற்றிய பின் மருந்துக்கு இளகாதாம். காதுக்குழாயை அறுத்துத் திறந்து, அந்த அறையைச் சுரண்டிக் கழுவினார். மறுநாள் காலை முயலை எங்களிடம் ஒப்படைத்தார்.

"ஆப்பரேசன் நல்லா முடிஞ்சுதுங்க ஐயா. ஆனா சாயங்காலத்துக்குள்ள அது தானா மெல்லோணும். முயலு பட்டினி கெடந்தா குடலு நின்னு போயிரும், அப்பறம் காப்பாத்தறது கஷ்டமுங்க. என்ன தின்னுது, எத்தன புழுக்க போடுதுன்னு எழுதி வைங்க."

எழுதி வைக்குமாறு என்னை எவரும் அதுவரை கேட்டதில்லை. வீடு திரும்பியதும் முழுத்தாள் ஒன்றை எடுத்து, அந்தக் குறிப்புக்கு, உயிர்களுக்குச் செவி அமைந்த நோக்கம் குறித்து ஒரு முன்னுரையைத் தொடங்கினேன்.

துணைவியார் உலர்புல்லை நீட்டினார். முயல் அசையவில்லை. கொத்துமல்லித் தழையை நீட்டினார். சாய்ந்த தலையுடன் அதையே பார்த்தது.

"வேண்டாங்குதா, ரோசன பண்ணுதான்னே தெரியலீங்களே."

நான்கு மணியளவில் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். நாற்பதாண்டு இல்லறத்தில் அவ்வளவு நேரம் அவர் பேசாதிருந்து நான் கண்டதில்லை. எனக்கு அச்சம் பிறந்தது. தாளைத் தரையில் வைத்துவிட்டு அவர் அருகே அமர்ந்தேன்.

சற்று நேரத்தில் 'கறுக்' என்றொரு ஓசை. குனிந்து பார்த்தேன். முன்னுரையின் முதல் பத்தியைக் காணவில்லை.

"புடுங்கீராதீங்க," என்று துணைவியார் மூச்சுக்குள் சொன்னார். தாளின் அடியில் புல்லை மெல்லச் செருகினார். முயல் முன்னுரையை முடித்துக்கொண்டு புல்லுக்குள் நுழைந்தது. மெல்லுவது நின்றபாடில்லை.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"என்ன சாப்பிட்டுச்சுங்க ஐயா?"

"முன்னுரைங்க."

"அப்பறம்?"

"புல்லுங்க."

"புல்லுன்னா சரிங்க. முன்னுரைய இனிமே குடுக்காதீங்க."

"நீங்க எழுதுனத முழுசா முடிச்ச மொத ஆளு இதுதானுங்க," என்று துணைவியார் ஆரம்பித்தார். பிறகு இருட்டும்வரை நிறுத்தவில்லை. நானும் இடைமறிக்கவில்லை.

தலை முற்றிலும் நிமிராது போகலாம் என மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். புண் ஆறியபின் அளந்தேன். அரை அங்குலம் மிச்சமிருந்தது. அது அனுமதிக்கத்தக்க வேறுபாடே எனக் கருதித் தேர்ச்சி அளித்தேன்.

முன்னுரை நீங்கலாக, நினைவிலிருந்து நான் எழுதிய படி இது. வேறு படி இல்லை. அன்புகூர்ந்து இதைப் பத்திரமாக, சற்று உயரமான இடத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.