“இனிமே விழவே விழாது டீச்சர்”

அந்த எலக்ட்ரீஷியனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மேல் எவ்வளவு கோபமோ, அவருக்கு ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுத்த என் மேலும் அவ்வளவு கோபம்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய ஜன்னல் ஏசி இருக்கிறது. அதன் கீழேதான் என் மாமியாரின் கட்டில். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்து உட்காருவார். ஏசியின் இரும்புக் கூடு அந்தக் கம்பியை ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

மே மாத லீவில் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று நானே சுத்தம் செய்தேன். ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். மெயினை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், வயர் இருக்கும் பக்கத்தைப் பாலித்தீன் பையால் மூடினேன். ஃபில்டரைக் கழுவியதில் ஒரு வாளித் தண்ணீர் கறுத்துப்போனது. உள்ளே இருந்த தகடுகளைப் பழைய பல் பிரஷால் தேய்த்துத் தண்ணீர் அடித்தேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும் என்று தெரியும். அத்தை வேர்வையில் நனைந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மூன்றே மணி நேரத்தில் சுவிட்சைப் போட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

போட்டதும் வீடே அணைந்தது. கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவையும் விழுந்த பிறகு பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்தவர் ஏசியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிளக்கில் ஐந்து நிமிஷம், போர்டில் பத்து நிமிஷம், வேலை முடிந்தது.

“எர்த்தக் கழட்டி விட்டுட்டேன் டீச்சர். அந்த ட்ரிப் சுவிட்ச விட்டுட்டு டைரக்டாக் குடுத்தாச்சு. இனிமே விழவே விழாது. அம்புட்டுதான்.”

ஏசி ஓடியது. அத்தை “ஸ்தோத்திரம்” என்றார். நான் டீ போடப் போனேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். கசிகிற கரண்ட் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறங்கத்தான் எர்த் வயர் என்று கரும்பலகையில் வருஷா வருஷம் படம் போடுகிறவள். வீடு குளிர்ந்ததும் அத்தனையும் மறந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அத்தை, “கையெல்லாம் சுருக்கு சுருக்குங்குது தாயி” என்றார்.

“சுகர் மாத்திரைய ஒழுங்காப் போடுறீங்களா இல்லையா?” என்று அதட்டினேன். பாவம், மாத்திரை டப்பாவை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஈரத்துணியால் அந்த ஜன்னல் கம்பியைத் துடைத்தேன். தோள்பட்டை வரைக்கும் இழுத்து உதறியது. துணி ஒரு பக்கம் விழ, நான் ஒரு பக்கம் விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அத்தை என்னைத் தூக்கிவிட எழப் பார்க்கிறார், கை கம்பியை நோக்கிப் போகிறது. நான் போட்ட கத்தலில் அவர் கை அப்படியே நின்றது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். பயம் கொஞ்சம்தான். சுகர் என்று அதட்டிய என் வாய் மேல்தான் கோபமெல்லாம்.

போன் போட்டதும் எலக்ட்ரீஷியன் டூல்ஸ் பையோடு வந்தார். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

“ஆளக் கொல்லப் பாத்தீங்களே அண்ணே! ஜன்னல்ல கரண்டு ஓடுது! வயசானவங்க அதப் பிடிச்சுத்தான் எந்திரிக்கிறாங்க!”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மழுப்பவில்லை, நிஜமாகவே மனம் வருந்திச் சொன்னார்.

“கெடுதல் நெனச்சா செஞ்சேன் டீச்சர்? எங்க வீட்டு ஃப்ரிட்ஜே ரெண்டு வருசமா இப்டித்தான் ஓடுது. லேசா ஷாக் அடிக்கும். செருப்ப மாட்டிட்டுத்தான் தொறக்கணும்னு பாப்பாட்ட சொல்லி வச்சிருக்கோம்.”

கோபம் இறங்கவில்லை, இன்னும் ஏறியது.

“பையை இங்க வைக்காதீங்க” என்றேன். “மொதல்ல உங்க வீட்டுக்குப் போய் அந்த ஃப்ரிட்ஜ் பிளக்கப் பிடுங்குங்க.”